வூஸ்டர், 1953: முன்னறிவிப்பில் இடம்பெறாத ஒரு சொல்

1953ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை மாலை 5 மணி 8 நிமிடத்துக்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நடுவே அமைந்த வூஸ்டர் நகரத்தின் வடபகுதிக்குள் ஒரு டொர்னாடோ நுழைந்தது. அது தரையைத் தொட்டு அப்போது 43 நிமிடங்கள் ஆகியிருந்தன. 4:25 மணியளவில் வடமேற்கே பீட்டர்ஷாம் என்னும் சிற்றூரின் அருகே இறங்கி, பேரி, ரட்லண்ட், ஹோல்டன் ஆகிய ஊர்களைக் கடந்து, வழியில் உயிர்களைப் பறித்து, வீடுகளை அடித்தளத்தோடு பெயர்த்துக்கொண்டு அது வந்துகொண்டிருந்த அத்தனை நேரமும், வூஸ்டரில் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டும் இரவு உணவுக்கு அடுப்பை மூட்டிக்கொண்டும் இருந்தார்கள். டொர்னாடோ வருகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று 94 பேர் இறந்தார்கள். 1,288 பேர் காயமடைந்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஏறத்தாழ 4,000 கட்டடங்கள் சேதமடைந்தன அல்லது அழிந்தன. சேதத்தின் மதிப்பு அந்நாளைய கணக்கில் 5 கோடியே 20 லட்சம் டாலர். நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் அமெரிக்க வடகிழக்குப் பகுதியின் வரலாற்றில் இதைவிடக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோன டொர்னாடோ வேறில்லை. இத்தகைய ஒன்று அந்தப் பகுதியில் எப்படி உருவாயிற்று என்பது வானிலை அறிவியலுக்குரிய கேள்வி. அதைப் பற்றி அன்று முன்கூட்டியே ஐயம் கொண்டவர்கள் இருந்தும் ஊர்மக்களுக்கு அது ஏன் தெரியாமல் போயிற்று என்பது வேறொரு கேள்வி. இந்தக் கட்டுரை இரண்டையும் பார்த்தாலும், என் அக்கறை பெரிதும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

தொடங்குமுன் சொல்வழக்கைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழ் நாளிதழ்கள் 'சூறாவளி' என்ற ஒரே சொல்லைக் கடலில் உருவாகிப் பல நூறு கிலோமீட்டர் பரந்து வரும் புயலுக்கும், இடிமேகத்தின் அடியிலிருந்து தரைக்கு இறங்கிச் சில நூறு மீட்டர் அகலத்தில் சுழலும் காற்றுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. இவ்விரண்டும் பிறப்பிலும் அளவிலும் வாழ்நாளிலும் முற்றிலும் வேறானவை. ஆகவே இங்கே டொர்னாடோ என்றே எழுதுகிறேன். ஒரு நிகழ்வுக்கு அதற்குரிய பெயரை வழங்குவதும் வழங்காமல் விடுவதும் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு வூஸ்டரே சான்று.

"இங்கெல்லாம் வராது"

டொர்னாடோ என்றதும் அமெரிக்கர்களின் நினைவுக்கு வருவன டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ் போன்ற நடுச் சமவெளி மாநிலங்களே. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றும், ராக்கி மலைப்பக்கமிருந்து வரும் வறண்ட காற்றும், வடக்கேயிருந்து இறங்கும் குளிர்காற்றும் தடையில்லாமல் மோதிக்கொள்ளும் வெளி அது. மாசசூசெட்ஸோ மலையும் காடும் கலந்த நிலம்; கிழக்கே அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த நீர்; வூஸ்டர் நகரமே ஏழு குன்றுகளின் மேல் அமைந்தது என்பது அந்த ஊரார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. குன்றுகள் காற்றை உடைத்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே இயல்பாகவே வேரூன்றியிருந்தது. 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அந்தத் தொழில் நகரத்தில், டொர்னாடோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழக்கம் இல்லாததில் வியப்பில்லை.

ஆயினும் வரலாறு அந்த நம்பிக்கைக்கு முழு இடம் தரவில்லை. 1878 ஆகஸ்டில் அண்டை மாநிலமான கனெக்டிகட்டின் வாலிங்ஃபோர்டு நகரத்தை ஒரு டொர்னாடோ தாக்கியதில் குறைந்தது 29 பேர் இறந்தார்கள். 1890 ஜூலையில் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்தில் 8 பேர் இறந்தார்கள். 1953இல் வூஸ்டரில் வாழ்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவற்றுக்குப் பின்னர் பிறந்தவர்கள். ஒரு தலைமுறையின் நினைவுக்குள் நிகழாததை, நிகழவே முடியாதது என்று எடுத்துக்கொள்வது மனித இயல்பு. அரிது என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையிலுள்ள தொலைவு அன்றாடப் பேச்சில் எளிதாகக் கரைந்துபோகிறது. அந்தத் தொலைவைக் காத்து நிற்க வேண்டியவை வானிலை நிறுவனங்களே.

அன்றைய வானம்

வூஸ்டருக்கு வந்த வானிலை அமைப்பு ஊர் தெரியாத ஒன்றாக வரவில்லை. முந்திய நாள், ஜூன் 8 மாலையில், அதே தாழ்வழுத்த அமைப்பு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரை ஒட்டிய பீச்சர் பகுதியில் ஒரு டொர்னாடோவை இறக்கி 116 பேரைக் கொன்றிருந்தது. ஒஹாயோ மாநிலத்திலும் அன்று டொர்னாடோக்கள் அடித்தன. இரவோடு இரவாக அந்த அமைப்பு கிழக்கே நகர, அதன் முன்னே ஒரு வெப்ப முகப்பு, அதாவது வெப்பக்காற்று குளிர்காற்றைத் தள்ளி முன்னேறும் எல்லை, நியூ இங்கிலாந்தின் மேல் வடக்கு நோக்கி ஏறிச் சென்றது. அதன் பின்னால் தெற்கேயிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று உள்ளே புகுந்தது. மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து வலிய காற்று வீசிக்கொண்டிருந்தது. தரையருகே ஒரு திசையிலும் உயரே வேறொரு திசையிலும் வேகத்திலும் காற்று ஓடும்போது, இடையில் எழும் மேகத்துக்குச் சுழற்சி கிடைக்கிறது. அப்படித் தன் உடல் முழுவதும் சுழலும் இடிமேகத்தையே இன்று சூப்பர்செல் என்கிறோம்.

வடகிழக்கின் பெரும் டொர்னாடோக்களைப் பின்னாளில் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அவற்றுட் பலவற்றுக்குப் பொதுவாக இன்னொரு கூறும் இருந்ததைக் கண்டார்கள். மேற்கேயுள்ள வறண்ட பீடபூமிகளில் சூடேறிய காற்று, மேல்மட்டக் காற்றோடு இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர் கிழக்கே பயணம் செய்து, கீழுள்ள ஈரக்காற்றின் மேல் ஒரு படலமாகப் படிந்துவிடுவதுண்டு. உலைப்பானையின் மேல் இட்ட மூடியைப் போல அது காலை நேரத்துச் சிறு மேகங்களை மேலெழ விடாமல் தடுக்கிறது. வெயிலோ கீழே வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. பிற்பகலில் மூடி திறந்துகொள்ளும்போது, நாள் முழுதும் அடக்கிவைத்த ஆற்றல் அனைத்தும் ஓரிரு மேகங்களின் வழியே ஒரேயடியாக வெளியேறுகிறது. இந்தப் படலம் வழியிலேயே கலைந்து போகாமல் நியூ இங்கிலாந்து வரை வந்து சேர்வது அரிது என்பதே அங்கே பெரும் டொர்னாடோக்கள் அரிதாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். வந்து சேர்ந்துவிட்டால், ஓக்லஹோமாவின் வானத்துக்கும் மாசசூசெட்ஸின் வானத்துக்கும் அந்த ஒரு நாளுக்கு வேறுபாடு மிகக் குறைவு; குன்றுகள் அதைத் தடுப்பதுமில்லை.

சொல்லாமல் விட்டது

ஜூன் 9 காலையில் பாஸ்டனிலிருந்த அமெரிக்க வானிலைப் பணியகத்தின் அலுவலர்கள் வரைபடங்களைப் பார்த்தபோது, டொர்னாடோவுக்கு வாய்ப்பு உண்டு என்றே கருதினார்கள். அதை முன்னறிவிப்பில் சேர்க்கலாமா என்பது பேசப்பட்டது. மக்கள் பீதியடைந்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் அந்தச் சொல் விலக்கப்பட்டு, அதற்கு மாற்றாகக் கடும் இடிமழைக்கு வாய்ப்புண்டு என்ற அறிவிப்பு வெளியிடப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தது அதுவே முதல்முறை.

இந்த முடிவை எடுத்தவர்களைக் குற்றவாளிகளாக்குவது எளிது; சரியன்று என்பது என் கருத்து. அவர்கள் பணிபுரிந்த நிறுவனத்துக்கு அந்தச் சொல்லோடு நீண்ட, சிக்கலான உறவு இருந்தது. 1880களில், வானிலைப் பணி இராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவின் கீழ் இருந்தபோது, ஜான் ஃபின்லி என்ற அலுவலர் டொர்னாடோக்களை முன்னறிவிக்க முயன்றார். ஆனால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, எச்சரிக்கையால் விளையும் பீதி டொர்னாடோவால் விளையும் கேட்டைவிடப் பெரிதாகிவிடும் என்ற எண்ணம் மேலோங்கி, முன்னறிவிப்புகளில் டொர்னாடோ என்ற சொல்லே தடைசெய்யப்பட்டது. 1938 வரை தடை நீடித்தது. அது நீங்கிய பிறகும் அலுவலர்களின் கை அச்சொல்லை எழுதத் தயங்கியது. 1948 மார்ச்சில் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரு விமானப்படை வானிலையாளர்கள் டொர்னாடோ ஒன்றை முன்கூட்டியே அறிவித்து, அது அன்று மாலையே அந்தத் தளத்தில் அடித்த பிறகுதான் நாட்டின் மனப்போக்கு மாறத் தொடங்கியது. 1950 ஜூலையில் பணியகத்தின் தலைவர் ரைக்கல்டெர்ஃபர், அச்சொல்லைப் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை என்று சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 1952இல்தான் கடும் வானிலைக்கென ஒரு தனிப்பிரிவு வாஷிங்டனில் உருவானது.

ஆக, 1953இல் பாஸ்டன் அலுவலகத்திலிருந்தவர்களுக்கு ஏட்டளவில் உரிமை இருந்தது, பழக்கத்தில் இல்லை. சமவெளி மாநிலம் ஒன்றில் அதே வரைபடத்தைக் கண்டிருந்தால் அந்த ஆண்டில் அச்சொல் ஒருவேளை எழுதப்பட்டிருக்கும். நியூ இங்கிலாந்தில், அதைக் கேட்டறியாத மக்களிடம், தவறிப்போனால் நகைப்புக்கும் உண்மையானால் கலவரத்துக்கும் இடமாகும் என்ற தயக்கம் வென்றது. இதில் என்னை மிகவும் வருத்துவது, முந்திய இரவின் மிச்சிகன் பேரழிவுச் செய்தி அன்று காலையிலேயே நாடெங்கும் பரவியிருந்தது என்பதே. மக்கள் கேட்டு நடந்துகொள்வதற்கு அதைவிட ஏற்ற ஒரு காலை வாய்த்திருக்காது.

75 கிலோமீட்டர்

பீட்டர்ஷாமில் இறங்கிய டொர்னாடோ தென்கிழக்கு நோக்கி நகர்ந்தது. பேரியிலும் ரட்லண்டிலும் முதல் உயிர்கள் போயின. ஹோல்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள் நிறைந்த தெருக்கள் தரைமட்டமாயின. சில இடங்களில் அதன் அகலம் ஒரு மைல், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல். இவ்வளவு அகலமான டொர்னாடோவைக் குன்றும் மரமும் நிறைந்த நிலத்தில் நின்று பார்ப்பவருக்குப் படங்களில் காட்டப்படும் தும்பிக்கை வடிவம் தெரிவதில்லை. தாழ்ந்து உருண்டுவரும் கரிய மேகமாகவே அது தெரிகிறது. பேஸ்பால் பந்தளவு ஆலங்கட்டிகள் முன்னே விழுந்தபோதும், கடும் இடிமழைதான் வருகிறது என்று பலர் எண்ணியதற்கு இதுவும் ஒரு காரணம். கடும் இடிமழை என்றுதானே முன்னறிவிப்பும் சொல்லியிருந்தது.

வூஸ்டருக்குள் அது முதலில் மோதிய பெரிய கட்டடங்களில் ஒன்று அசம்ப்ஷன் கல்லூரி. தடித்த சுவர்களைக் கொண்ட அதன் தலைமைக் கட்டடத்தின் மேல்தளங்கள் சிதைந்தன. ஒரு பாதிரியாரும் இரண்டு கன்னியாஸ்திரிகளும் இறந்தனர். அருகிலிருந்த நார்டன் நிறுவனத்தின் புதிய இயந்திரத் தொழிற்சாலை பெரும் சேதம் கண்டது. அடுத்து கிரேட் புரூக் வேலி குடியிருப்புப் பகுதி. அங்கே 12 டன் எடையுள்ள பேருந்து ஒன்றைக் காற்று தூக்கி உருட்டி, புதிதாக எழுப்பியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின்மேல் எறிந்தது. அதில் பயணம் செய்த இருவர் இறந்தனர். தெருவின் மறுபக்கம் நகராட்சி நடத்திய புரூக்சைடு பண்ணையில் ஆறு ஆண்களும், ஹோல்ஸ்டீன் இனக் கறவை மாடுகள் எண்பதும் மாண்டன. குவின்சிகமண்ட் ஏரிக்குள் வீடுகள் தூக்கி எறியப்பட்டன. அங்கிருந்து ஷ்ரூஸ்பரி, வெஸ்ட்பரோ ஆகிய ஊர்களைத் தாக்கிவிட்டு, சவுத்பரோவில் ஃபேவில் அஞ்சலகத்தை இடித்து மூவரைக் கொன்ற பிறகே அது ஓய்ந்தது. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவை, ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலாக, அது தரையை விடாமல் கடந்திருந்தது. இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வூஸ்டர் நகர எல்லைக்குள் இறந்தவர்கள்.

மேகத்துக்குள் உறிஞ்சப்பட்ட பொருள்கள் கிழக்கே வெகுதூரம் சென்று விழுந்தன. வூஸ்டரிலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் மில்டனில் உள்ள புளூ ஹில் வானிலை ஆய்வுநிலையத்தின் மேலேயே வூஸ்டர் வீடுகளின் சிதறல்கள் வந்து இறங்கின. மேலே உறைநிலைக்குச் சென்று திரும்பிய மெத்தைத் துண்டுகள் பனிக்கட்டியாகக் கடலோரத்தில் விழுந்தன. அந்த மேகத்தின் மேலெழு காற்று எவ்வளவு வலியதாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அந்த மெத்தைகளே அளவுகோல்.

அதே மாலையில் தெற்கே சட்டன் ஊர்ப்பகுதியில் இன்னொரு டொர்னாடோவும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எக்சிட்டரில் வேறொன்றும் அடித்தன. ஒரே நாளில், ஒரே பகுதியில், பல வலிய டொர்னாடோக்கள் உருவானது, அன்றைய வானத்தின் இயல்பு குறித்த ஐயம் எதற்கும் இடம்தரவில்லை.

அந்த 43 நிமிடங்கள்

நிகழ்வு ஆய்வு என்ற முறையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிவருவது இந்த இடத்துக்குத்தான். முன்னறிவிப்பில் சொல் விடுபட்டதை ஒரு பிழை எனக் கொண்டாலும், பீட்டர்ஷாமுக்கும் வூஸ்டருக்கும் இடையே முக்கால் மணி நேரம் இருந்தது. பேரியில் ஒருவர் கண்ணால் கண்டதை வூஸ்டரில் ஒருவர் காதால் கேட்டிருக்க அது போதுமான நேரம். அதற்கான வழி எதுவும் அன்று அமைக்கப்பட்டிருக்கவில்லை. வயல்வெளியிலும் கடைத்தெருவிலும் நின்று வானத்தைக் கவனித்துத் தகவல் தரும் தன்னார்வலர் வலையமைப்பு சமவெளி மாநிலங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. டொர்னாடோவே வராது என்று கருதப்பட்ட பகுதியில் அதை யார் அமைப்பார்கள்? கம்பங்கள் சாய்ந்து தொலைபேசி அறுந்த ஊர்கள், தமக்கு நேர்ந்ததை அடுத்த ஊருக்குச் சொல்லும் நிலையிலும் இல்லை. சொல்லியிருந்தாலும், கேட்ட மாத்திரத்தில் வானொலியில் அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு எங்கும் இல்லை.

ரேடாரின் நிலையும் அத்தகையதே. வூஸ்டர் நிகழ்வுக்குச் சரியாக இரண்டு மாதங்களுக்கு முன், ஏப்ரல் 9ஆம் தேதி, இலினாய் மாநிலத்தில் ஆய்வாளர்கள் டொர்னாடோ ஒன்றைத் தாங்கிய இடிமேகத்தின் ரேடார் படத்தில் கொக்கி போன்ற ஒரு வளைவைப் பதிவுசெய்திருந்தார்கள். அந்தக் கொக்கியே இன்றுவரை எச்சரிக்கை அலுவலர் தேடும் அடையாளங்களுள் தலையாயது. 1953 ஜூனில் அது ஆய்வாளர்களின் கையிலிருந்த ஒரு புதிய கண்டுபிடிப்பு மட்டுமே. நாடு முழுவதற்குமான வானிலை ரேடார் வலையமைப்பு 1950களின் இறுதியில்தான் எழத் தொடங்கியது.

பின்விளைவுகள்

இடிபாடுகளிலிருந்து முதலில் ஆட்களை மீட்டவர்கள் அக்கம்பக்கத்தாரே. காற்று நகரின் வடபகுதியோடு கடந்துவிட்டதால், நகர மையத்தில் இருந்தவர்கள் சில கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்ததை உடனே அறியவில்லை. இந்த நிலைமையைப் பின்னர் மானிடவியலாளர் அந்தோனி வாலஸ் விரிவாக ஆராய்ந்தார். 1956இல் வெளியான அவருடைய அறிக்கை பேரிடர் ஆய்வுத்துறையின் தொடக்ககால ஆவணங்களுள் ஒன்றாக இன்றும் படிக்கப்படுகிறது. அழிவின் நடுவே தப்பியவர்கள் அலறி ஓடாமல், உணர்வு மழுங்கியவர்களாகவும் சொன்னதைச் செய்பவர்களாகவும் இருந்ததை அவர் பதிவு செய்து, அந்த நிலைக்குப் பேரிடர் நோய்க்குறி என்று பெயர் தந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் ஒரு சொல்லை மக்களிடமிருந்து விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் பீதி. அந்த மக்கள் உண்மையில் பேரழிவுக்குள் நின்றபோது, அச்சத்தால் கட்டுமீறி ஓடியதை அந்த ஆய்வு காணவில்லை.

வேறொரு திசையிலும் பேச்சு எழுந்தது. 1953 மார்ச்சிலிருந்து ஜூன் 4 வரை நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைகள் தொடராக நடந்திருந்தன. மே மாதம் டெக்சாஸின் வேக்கோ நகரத்தில் 114 பேர், ஜூனில் பீச்சரில் 116 பேர், மறுநாள் வூஸ்டரில் 94 பேர் என்று ஒரே பருவத்தில் சாவு குவிந்ததைக் கண்ட மக்களும், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் சிலரும், குண்டுகள்தாம் வானத்தைக் குலைத்துவிட்டன என்று ஐயுற்றார்கள். வானிலையாளர்கள் அதை மறுத்தார்கள். அவர்கள் கூறியதே சரி. எனினும் அந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கே வராது என்று சொல்லப்பட்ட ஒன்று வந்து நின்றபோது, அதற்கு இயற்கைக்குப் புறம்பான காரணத்தைத் தேடியவர்கள், தமக்குச் சொல்லப்பட்டதை நம்பியவர்களே.

டொர்னாடோவின் வலிமையை எஃப்0 முதல் எஃப்5 வரை தரப்படுத்தும் ஃபுஜிட்டா அளவுகோல் 1971இல்தான் வந்தது. அதன்படி வூஸ்டர் நிகழ்வுக்குப் பின்னோக்கி எஃப்4 என்ற தரம் அளிக்கப்பட்டது. அடித்தளத்தோடு அகற்றப்பட்ட வீடுகள் சில எஃப்5க்கு உரியவை என்று வாதிட்டவர்கள் உண்டு. 2005இல் வல்லுநர் குழு ஒன்று இதை மீண்டும் ஆராய்ந்து, வீடுகள் அடித்தளத்தோடு எவ்வாறு பிணைக்கப்பட்டிருந்தன என்பதை இனி உறுதிசெய்ய வழியில்லாததால், எஃப்4 என்பதையே நிலைநிறுத்தியது.

1953இல் அமெரிக்கா முழுவதும் டொர்னாடோக்களால் இறந்தோர் 519 பேர். அந்த ஆண்டின் அதிர்ச்சி, எச்சரிக்கை முறையை விரைந்து வளர்க்கும் உந்துதலாயிற்று. கடும் வானிலைப் பிரிவு 1954இல் கான்சாஸ் சிட்டிக்கு மாற்றப்பட்டு விரிவாக்கப்பட்டது. ஆனால் பழைய தயக்கம் ஒரேயடியாக அகலவில்லை. 1979 அக்டோபர் 3ஆம் தேதி கனெக்டிகட்டின் விண்ட்சர் லாக்ஸில், விமான நிலையத்தை ஒட்டி, இன்னொரு எஃப்4 டொர்னாடோ அடித்து மூவரைக் கொன்றபோதும், அந்தப் பகுதிக்கு முன்கூட்டிய டொர்னாடோ அறிவிப்பு வெளியிடப்பட்டிருக்கவில்லை. அடுத்து 1995 மே மாதம் மாசசூசெட்ஸின் மேற்கிலுள்ள கிரேட் பாரிங்டனில் ஓர் எஃப்4. அதிலும் மூவர் இறந்தனர்.

2011 ஜூன் 1ஆம் தேதி மாசசூசெட்ஸின் மேற்கே வெஸ்ட்ஃபீல்டில் ஒரு டொர்னாடோ தரையைத் தொட்டு, ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தின் ஊடே புகுந்து, கிழக்கு நோக்கி 60 கிலோமீட்டர் வரை சென்றது. அன்று பிற்பகலில், மேகம் திரளும் முன்பே, டொர்னாடோ என்ற சொல்லோடு அறிவிப்பு வந்திருந்தது. அது கனெக்டிகட் ஆற்றைக் கடந்ததைத் தொலைக்காட்சியில் மக்கள் நேரலையாகப் பார்த்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு நிகழ்வுகளையும் அப்படியே ஒப்பிட முடியாது. 2011இன் டொர்னாடோ ஒரு தரம் குறைந்தது, அகலத்திலும் சிறியது. ஆயினும் மக்கள் அடர்ந்த நகரம் ஒன்றின் நடுவே அது மாலை நேரத்தில் சென்றது என்பதை மறக்கலாகாது. வூஸ்டருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தென்மேற்கே, சார்ல்டன் என்னும் ஊரில் அது ஓய்ந்தது.